பெயரில்லாத பாட்டிலின் வயது

காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஆரம்பித்த விஷயம் இது. கூட வேலை பார்க்கும் தோழி ஒருவர் செல்போனை நீட்டினார். ஏதோ ஒரு நிலவறை. தூசி படிந்த ஒன்பது பச்சை பாட்டில்கள், படுக்கை வசத்தில். லேபிள் எதுவும் இல்லை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் சுண்ணாம்பை விரலால் இழுத்தது மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

"நான் பிறந்தப்போ அப்பா எடுத்து வச்சதுன்னு அம்மா சொல்வாங்க. நான் பிறந்தது 77 பிப்ரவரி. இது நிஜமாவே அந்த வருஷத்து பீர்தானா? இன்னும் குடிக்க முடியுமா? உங்களுக்குத்தான் இந்தப் புளிச்ச பீர் பைத்தியம் இருக்கே, வந்து பாத்துச் சொல்லுங்களேன்."

அவருடைய அப்பா முந்தின வருடம் இறந்திருந்தார். பிரஸ்ஸல்ஸுக்குத் தென்மேற்கே பயோட்டன்லாண்டில் இருக்கும் அந்த வீட்டை விற்கப் போகிறார்கள். முதலாண்டு நினைவு நாளில் குடும்பம் கூடும்போது ஒரு பாட்டிலைத் திறக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு மூன்று வாரம் இருந்தது.

எந்த வருடத்தது, குடிக்கலாமா என்று இரண்டு கேள்விகள். பழைய பெல்ஜியப் புளிப்பு பீர் ஒன்று கையில் கிடைத்தால் எல்லோரும் கேட்பது இதைத்தான். இரண்டுக்கும் விடை தேடுகிற வழியை எனக்கே ஒரு குறிப்பாக இருக்கட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன். நடுவில் அந்த ஒன்பது பாட்டில் கதையும் வரும்.

முதலில், இது என்ன பீர்?

அந்தப் பகுதியில் லேபிள் இல்லாத, கார்க் அடித்த பச்சை பாட்டில் என்றால் அது அநேகமாக கூஸ்தான். பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும்போது நம் காதில் 'கோஸ்' என்று விழும், முட்டைக்கோஸ் ஞாபகம் வரும். டச்சுக்காரர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார்கள். நான் கூஸ் என்றே எழுதுகிறேன்.

கூஸைப் புரிந்துகொள்ள லாம்பிக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண பீரில் வடிசாலைக்காரர்கள் தாங்களே வளர்த்த ஈஸ்டைச் சேர்ப்பார்கள். லாம்பிக்கில் யாரும் எதையும் சேர்ப்பதில்லை. மால்ட் செய்த பார்லியோடு 30, 40 சதவீதம் பச்சைக் கோதுமையையும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சித் தண்ணீரை, அகலமான ஆழமில்லாத ஒரு தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்து ஆற விடுவார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கிற நுண்ணுயிர்கள் வந்து இறங்கிவிடும். மறுநாள் மரப்பீப்பாய்க்குப் போகும். இட்லி மாவில் நாம் எதையும் தனியாகச் சேர்க்காமலே காலையில் பொங்கி நிற்கிறதே, அதே கதைதான். வித்தியாசம், மாவுக்கு ஒரு ராத்திரி போதும், லாம்பிக்குக்கு மூன்று வருடம் வரை ஆகும்.

வெயில் காலத்தில் ராத்திரியும் போதுமான குளிர் இருக்காது, வேண்டாத பாக்டீரியா பெருகிவிடும். அதனால் காய்ச்சுவது ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைக்கும்தான். ஒரு பருவம் என்பது இரண்டு காலண்டர் வருடங்களில் கால் வைத்து நிற்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பீப்பாய்க்குள் ஒவ்வொரு கூட்டமாக வந்து போகிறது. முதல் சில வாரம் குடல் பாக்டீரியா வகைகள். பிறகு சில மாதம் சாதாரண பீர் ஈஸ்ட், ஆல்கஹாலை உண்டாக்குவது இதுதான். அப்புறம் பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துப் புளிக்க வைக்கும். கடைசியில் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட். மற்றவை தொடாமல் விட்ட சர்க்கரையை இது வருடக்கணக்கில் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். குதிரை லாயம், தோல் செருப்பு, கிராம்பு என்று ஆட்கள் வர்ணிக்கிற வாசனை எல்லாம் இதன் வேலை. 1904-இல் இதற்குப் பெயர் வைத்தது கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் கிளாசென். அவர் அதைப் பார்த்தது ஆங்கிலேய பீரில். பெயரின் பொருளே 'பிரிட்டன் பூஞ்சை'. ஆனால் இன்று அது பேர் வாங்கி நிற்பது பிரஸ்ஸல்ஸில்.

ஒரு வருட, இரண்டு வருட, மூன்று வருட லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். இளசில் இன்னும் சர்க்கரை பாக்கி இருக்கும், கிழத்தில் ஆழம் இருக்கும். இளசின் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து ஷாம்பெயின் போல நுரை தரும். இந்தக் கலவை வேலையை மட்டுமே செய்கிற ஆட்களும் உண்டு. தாங்கள் காய்ச்ச மாட்டார்கள். வடிசாலைகளிடமிருந்து வாங்கி, தங்கள் பீப்பாயில் வளர்த்து, கலந்து அடைப்பார்கள். அந்தக் காலத்தில் ஊர்க் காஃபேக்காரர்கள்கூட இதைச் செய்தார்கள். பீர்செல் ஊரில் இன்று புகழோடு இருக்கும் ட்ரீ ஃபொன்டெய்னென் அப்படிக் கலந்து விற்ற உணவகமாக இருந்ததுதான். அவர்களே காய்ச்ச ஆரம்பித்தது 1990களின் கடைசியில்.

ஒரு குடியானவர் வீட்டு நிலவறையில் பெயரில்லாத பாட்டில் ஏன் இருந்தது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. ஊர்க் காஃபேயில் வாங்கியதற்கு லேபிள் எதற்கு? ஈர நிலவறையில் காகிதம் எப்படியும் அழுகிவிடும். வெள்ளைக் கோடும் அலங்காரம் இல்லை. பாட்டில் படுத்திருக்கும்போது வண்டல் கீழ்ப் பக்கமாகப் படியும். கோடு இருக்கிற பக்கம் எப்போதும் மேலே இருக்கணும், அவ்வளவுதான் செய்தி. நிலவறையிலிருந்து மேசைக்கு எடுத்துப் போகிறவர் பாட்டிலைப் புரட்டிவிடாமல் இருக்க ஒரு அடையாளம்.

எந்த வருடத்தைக் கேட்கிறோம்?

இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒயின் பாட்டிலில் 1977 என்று இருந்தால் அந்த வருடம் பறித்த திராட்சை என்று அர்த்தம். கூஸில் வருடம் குறிப்பிட்டிருந்தால் அது பொதுவாக பாட்டிலில் அடைத்த வருடம். உள்ளே இருப்பது மூன்று பருவங்களின் கலவை. 2010 என்று கார்க்கில் இருந்தால், உள்ளே 2007-இல் காய்ச்சியதும் இருக்கலாம்.

இப்போது இதற்குச் சட்டமே இருக்கிறது. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் பாரம்பரியத் தயாரிப்பு முறை என்று 'ஆவ்டா கூஸ'வுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. 'ஆவ்டா' என்றால் பழைய. கலவையில் மிகப் பழையது குறைந்தது மூன்று வருடம் மரத்தில் இருந்திருக்க வேண்டும், மொத்தத்தின் சராசரி வயது ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. அதற்கு முன்னால் இது சட்டமாக இல்லை, வழக்கமாக இருந்தது.

இந்த 'ஆவ்டா' என்ற சொல் வாங்கும்போதும் உதவும். வெறும் கூஸ் என்ற பெயரில் இனிப்பு சேர்த்து, வடிகட்டி, சூடுபடுத்தி உயிரை எடுத்த சரக்கும் விற்கப்பட்டது, இன்னும் விற்கப்படுகிறது. அதை இருபது வருடம் வைத்திருந்தாலும் பழைய சர்க்கரைத் தண்ணீர்தான் கிடைக்கும். சில சமயம் ஒரே வடிசாலை இரண்டையும் விற்கும். ஜிரார்டினை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு லேபிள் வடிகட்டாதது, வைத்துக் குடிக்கலாம். வெள்ளை லேபிள் வடிகட்டியது.

லேபிள் இருந்தால்

லேபிள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தேதி போடாத லேபிளும் தன்னை அறியாமல் தேதி சொல்லும். கிணறு தோண்டும்போது ஒரு காசு கிடைத்தால், அந்த மண் அடுக்கு காசு அடித்த வருடத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது இல்லையா? அதே தர்க்கம். நான் பார்க்கிற அடையாளங்கள்:

- முகவரியில் நான்கு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1969-க்குப் பிந்தியது. பெல்ஜியத்தில் அது வந்ததே அந்த வருடம்தான். ஆண்டர்லெக்ட் 1070, பீர்செல் 1650, லெம்பேக் 1502.

- கொள்ளளவுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சின்ன 'இ' எழுத்து போன்ற குறி இருந்தால் 1970களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது. ஐரோப்பிய அளவு விதிகளின் முத்திரை அது.

- பார்கோடு இருந்தால் 1977-க்கு முன்னால் போக முடியாது. ஐரோப்பியப் பார்கோடு அமைப்பு தொடங்கியதே அப்போதுதான்.

- ஆல்கஹால் சதவீதம் இருந்தால் அநேகமாக 1980களின் கடைசி அல்லது அதற்குப் பிறகு. அதைப் போட்டே ஆகவேண்டும் என்ற ஐரோப்பிய விதி 1987-இல் வந்தது.

- 'கேட்டகரி 1' என்பது போல ஒரு வகை எண் இருந்தால், இது எதிர்ப்பக்கத்துச் சாட்சி. பெல்ஜியத்தின் பழைய பீர் வரிப் பிரிவு அது, 1990களின் தொடக்கத்தில் போய்விட்டது. ஆக பாட்டில் அதற்கு முந்தியது.

- ஒன்றையொன்று துரத்தும் இரண்டு அம்புகள் கொண்ட மறுசுழற்சி வட்டம், இணைய முகவரி: 1990களும் அதற்குப் பிறகும்.

ஒரு எச்சரிக்கை. லேபிளை ஆயிரக்கணக்கில் அச்சடித்துத் தீரும்வரை ஒட்டுவார்கள். அதனால் இவை எல்லாம் எல்லைக் கற்கள்தான், நேர்த் தேதி இல்லை. கீழ் எல்லை ஒன்று, மேல் எல்லை ஒன்று கிடைத்தால் இடைவெளியைக் குறுக்கிக்கொண்டே போகலாம்.

புதிய பாட்டில்களில் 'இந்தத் தேதிக்கு முன் குடிப்பது நல்லது' என்று இருக்கும். கூஸில் இந்தத் தேதி பெரும்பாலும் அடைத்த நாளிலிருந்து 10 அல்லது 20 வருடம். அதைக் கழித்தால் அடைத்த வருடம். பத்தா, இருபதா என்று சந்தேகம் வந்தால் கார்க்கைப் பார்க்க வேண்டியதுதான்.

லேபிள் இல்லாவிட்டால்

நம்ம ஒன்பது பாட்டிலுக்கு வருவோம். ஒரு சனிக்கிழமை, கையில் டார்ச், துணி, பூதக்கண்ணாடி சகிதம் நிலவறைக்குள் இறங்கினேன். காகிதம் இல்லையென்றால் மிச்சம் இருப்பது கண்ணாடியும் கார்க்கும்.

முதலில் கண்ணாடி. வெள்ளைக் கோடு மேலே இருக்கும்படியே மெதுவாக இழுத்து அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தேன். கொள்ளளவு எண்ணுக்குப் பக்கத்தில் 3 என்ற எண் மாதிரி ஒரு குறி. அது 3 இல்லை, கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்கும் கிரேக்க எப்சிலான். அளவுப் பாத்திரமாகப் பயன்படுத்தத் தகுந்த பாட்டில் என்று சொல்லும் ஐரோப்பிய முத்திரை. அதற்கான விதி 1975-இல் வெளியானது. ஆக கண்ணாடி அதற்குப் பிந்தியது. உள்ளே இருக்கும் பீர் அடைத்த நாள், கண்ணாடி வார்த்த நாளுக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் பிந்தியதாக எவ்வளவும் இருக்கலாம். இந்த ஊரில் பாட்டிலைக் கழுவிக் கழுவித் திரும்ப நிரப்பிய காலம் அது. பழைய கண்ணாடியில் புதுச் சரக்கு சர்வ சாதாரணம். கண்ணாடியை மட்டும் நம்பி விலை கொடுத்து ஏமாந்தவர்கள் உண்டு.

அடுத்தது கார்க். கூஸ் பாட்டிலை இரண்டு விதமாக அடைப்பார்கள். ஒன்று ஷாம்பெயின் மாதிரி காளான் கார்க், மேலே கம்பிக் கூண்டு. இன்னொன்று ஒயின் மாதிரி நேர் கார்க்கை உள்ளே அடித்து, மேலே சோடா மூடி. பிரஸ்ஸல்ஸின் கான்டியோன் இன்றும் தன் பெரிய பாட்டிலுக்கு இந்த இரண்டாம் வழியைத்தான் வைத்திருக்கிறது. முதல் தடவை வாங்குகிறவர்கள் சோடா மூடியைத் திறந்துவிட்டு, உள்ளே கார்க் இருப்பதைப் பார்த்து முழிப்பார்கள்.

பல தயாரிப்பாளர்கள் கார்க்கின் பக்கவாட்டில் பெயரையோ வருடத்தையோ குத்துவார்கள். திறந்த பிறகுதான் முழுசாகப் படிக்க முடியும். ஆனால் கழுத்துக்குப் பின்னால் பலமான வெளிச்சம் வைத்தால் பச்சைக் கண்ணாடி வழியாக ஓரளவு தெரியும். லேபிளை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். கார்க்கை மாற்ற வேண்டுமென்றால் பாட்டிலைத் திறந்தாக வேண்டும். அதனால் இரண்டும் முரண்பட்டால் நான் கார்க் பக்கம்.

நாலாவது பாட்டிலில் தெரிந்தது. தலைகீழாக ஒரு 0, அதற்குப் பக்கத்தில் 8. எண்பது. மற்ற பாட்டில்களிலும் தேடினேன். ஐந்தில் அதே 80. பெயர் எதிலும் இல்லை.

தோழியின் முகம் வாடிவிட்டது. "அப்போ அம்மா சொன்னது பொய்யா? எனக்கு மூணு வயசு ஆனப்புறம் வாங்கினதா?"

அவரைச் சந்தோஷப்படுத்த '80-ன்னா அது வருஷமா இருக்கணும்னு இல்லை' என்று நழுவியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நழுவத் தேவையும் இருக்கவில்லை. விரல் விட்டு எண்ணச் சொன்னேன். 1980 வசந்தத்தில் அடைத்த கூஸ் என்றால், வழக்கப்படி அதில் இருக்கும் மூன்று வருட லாம்பிக் எந்தப் பருவத்தில் காய்ச்சியது? 1976 அக்டோபரிலிருந்து 1977 ஏப்ரல் வரை. அவர் பிறந்தது 77 பிப்ரவரி.

"இது நிரூபணம் இல்லை, கணக்கு பொருந்துது, அவ்வளவுதான். வசந்தத்துல அடைச்சாங்கன்னு நான் ஊகிக்கிறேன். காஃபேக்காரர் மூணு வருஷக் கலவைதான் போட்டார்ங்கறதும் வழக்கத்தை வச்சுச் சொல்றது" என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் கார்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வந்து அம்மாவிடம் சொன்னபோது அந்த அம்மா உருளைக்கிழங்கு உரித்தபடியே, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார்.

உயிரோடு இருக்கிறதா?

இது இரண்டாவது கேள்வி. சாதாரண பீர் ஒரு வருடத்தில் அட்டைப்பெட்டி வாசனைக்கு வந்துவிடும். ஆக்சிஜன் செய்கிற வேலை. கூஸ் ஏன் தாங்குகிறது? உள்ளே உயிருள்ள ஈஸ்ட் இருக்கிறது, உள்ளே வரும் கொஞ்ச ஆக்சிஜனை அதுவே எடுத்துக்கொள்ளும். மற்ற பீரைக் கெடுக்கிற பாக்டீரியா இங்கே ஏற்கெனவே வந்து, வேலையை முடித்து, ஓய்ந்துவிட்டது. இன்னும் புளிக்க மிச்சம் எதுவும் இல்லை. ஹாப்ஸ் வாசனை போய்விடும் என்ற பயமும் இல்லை. லாம்பிக்கில் வேண்டுமென்றே வருடக்கணக்கில் பழசாக்கிய ஹாப்ஸைத்தான் போடுகிறார்கள், வாசனைக்காக இல்லை, பாக்டீரியாவை அடக்கி வைக்க.

ஆனால் 'தாங்கும்' என்பதும் 'சிறக்கும்' என்பதும் வேறு வேறு. நான் குடித்துப் பார்த்த வரைக்கும், மூன்றிலிருந்து பத்து வருடம் ஆன நல்ல கூஸ்தான் பெரும்பாலும் உச்சத்தில் இருக்கிறது. கூர்மை குறைந்து, வாசனை விரிந்து, நுரையும் இருக்கும். இருபதைத் தாண்டினால் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு தனி மனுஷன். ஒரே நாள் அடைத்த இரண்டு பாட்டில் இரண்டு விதமாக இருக்கும். காரணம் அநேகமாக கார்க். செர்ரி போட்ட கிரீக் போன்ற பழ லாம்பிக்குகளை அவ்வளவு நாள் வைக்கக் கூடாது. பழம்தான் முதலில் போகும், சிவப்பு செங்கல் நிறமாகி, புளிப்பு மட்டும் நிற்கும்.

வயதைவிட முக்கியம், எங்கே கிடந்தது என்பது. 10 முதல் 15 டிகிரி, இருட்டு, அசையாமல் படுக்கை. இது போதும். வெப்பம் என்ன செய்யும் என்பதற்கு இந்த ஊரில் எல்லோரும் சொல்கிற உதாரணம் உண்டு. 2009 மே மாதம் ட்ரீ ஃபொன்டெய்னெனின் கிடங்கில் தெர்மோஸ்டாட் பழுதாகி, சூடான காற்று நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தது. ஆயிரக்கணக்கில் பாட்டில்கள் வெடித்தன, வெடிக்காத பல்லாயிரம் பாட்டில்கள் வெந்து கெட்டன. அர்மான்ட் டெபெல்டர் அதையெல்லாம் திறந்து ஊற்றி, காய்ச்சி வடித்து மதுசாரமாக்கி விற்றார். கடையை மூடும் நிலைக்குப் போய், மீண்டு, 2012-இல் திரும்பக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். 2022-இல் அவர் இறந்தபோது பீர் உலகமே துக்கம் கொண்டாடியது.

வெளியிலிருந்து நான் பார்ப்பவை நாலு. ஒன்று, திரவ மட்டம். நிமிர்த்திப் பிடித்தால் கழுத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது? தோள் வரை இறங்கியிருந்தால் அந்த அளவுக்குக் காற்று உள்ளே போயிருக்கிறது. இரண்டு, கார்க்கைச் சுற்றி ஒழுகின பிசுக்கு. மூன்று, கார்க் உள்ளே அமிழ்ந்திருக்கிறதா. நாலு, டார்ச் வைத்தால் வண்டலுக்கு மேலே திரவம் தெளிவாக இருக்கிறதா. ஒன்பதில் இரண்டு பாட்டில் தோள் வரை காலி. மற்ற ஏழும் பார்வைக்கு நலம்.

உடம்புக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். கூஸின் அமிலத்தன்மை ஏறக்குறைய ஆரஞ்சுச் சாறு அளவுக்கு இருக்கும், பி.ஹெச். மூன்றரையை ஒட்டி. அதோடு ஐந்து ஆறு சதவீதம் ஆல்கஹால். நோய்க்கிருமி வளர இடமில்லை. கெட்ட கூஸ் தண்டிப்பது நாக்கைத்தான். ஆனால் கழுத்துக் கண்ணாடி சில்லு உடைந்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கழுத்தில் உலோக உறை இருந்தால் அந்தக் காலத்து உறையில் ஈயம் இருக்கலாம். உறையை முழுசாக எடுத்து, பாட்டில் வாயை ஈரத்துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும்.

திறப்பது, ஊற்றுவது

அவசியமான ஒரே கருவி, இரண்டு மெல்லிய தகடு கொண்ட கார்க் எடுப்பான். திருகாணியை நாற்பது வருடக் கார்க்கில் இறக்கினால் பொடிப்பொடியாக நொறுங்கி உள்ளே விழும். தகடுகளைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே இப்படி அப்படி ஆட்டி இறக்கி, சுழற்றிக்கொண்டே இழுக்கணும். மேலே ஒரு துணி போட்டுப் பிடியுங்கள். பழசில் காற்று இருக்காது என்று அலட்சியமாக இருந்து, கார்க் உத்தரத்தில் போய் அடித்த அனுபவம் எனக்கு உண்டு.

பாட்டிலை நிமிர்த்தவே வேண்டாம். இதற்கென்றே பிரம்புக் கூடை இருக்கிறது. படுத்திருந்த வாக்கிலேயே, வெள்ளைக் கோடு மேலே இருக்க, கூடையில் வைத்து லேசாகத் தலையைத் தூக்கித் திறப்பார்கள். கூடை இல்லையென்றால் நாலைந்து நாள் முன்னாடியே நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் இறங்க விடலாம். எப்படியானாலும் ஊற்றும்போது நடுவில் நிறுத்தாதீர்கள். பாட்டிலை ஒவ்வொரு முறை நிமிர்த்தும்போதும் வண்டல் கலங்கும். கிளாஸ்களை வரிசையாக வைத்து ஒரே சாய்ப்பில் ஊற்றிவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக எடுக்காதீர்கள். 12, 13 டிகிரி சரியாக இருக்கும்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள நல்ல இடம், லென்னிக் பக்கத்தில் ஐசெரிங்கன் கிராமத்தில் ஒரு காஃபே. பெயரைத் தமிழில் சொன்னால் 'பெருந்தாகத்துக்கு எதிரான காப்பீடு'. ஞாயிறு காலை சர்ச் நேரத்தை ஒட்டித் திறப்பார்கள். அங்கே கூடையில் வைத்து ஊற்றுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது பத்துக் கட்டுரைக்குச் சமம்.

அன்று நடந்தது

மட்டம் இறங்கிய இரண்டில் ஒன்றை முன்கூட்டியே திறந்து பார்த்தோம். வினிகர். கூடவே நகப்பாலிஷ் நெடி. இன்னொன்றையும் அம்மா சாலட்டுக்கு எடுத்துக்கொண்டார், வீணாகவில்லை.

நினைவு நாளில் பதினோரு பேர். மட்டம் நன்றாக இருந்த ஏழில் இரண்டை மேலே கொண்டுவந்தேன். முதலாவதைத் திறந்ததுமே ஈர அட்டை நெடி. கார்க்கிலிருந்து வரும் ஒரு ரசாயனத்தின் வேலை, பீரின் குற்றமில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் மேசையில் ஒரு அமைதி. எனக்கு வியர்த்துவிட்டது.

இரண்டாவது பாட்டிலின் கார்க் வரும்போது 'உஸ்' என்று ஒரு சின்ன மூச்சு. நாற்பத்து மூன்று வருடம் கழித்து அந்தச் சத்தம். நிறம் நல்ல டிகாஷன் தேநீர். நுரை கிட்டத்தட்ட இல்லை, நாக்கில் மட்டும் லேசான சுறுசுறுப்பு. காய்ந்த எலுமிச்சைத் தோல், பழைய புத்தகம், அடியில் கொஞ்சம் தேன். புளிப்பு இருந்தது, ஆனால் குத்தவில்லை. ஆளுக்கு நாலு வாய்தான் வந்தது. தோழியின் சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது அந்தச் சர்ச் எதிர்த்த காஃபேக்காரனோட சரக்கு" என்றார். அந்தக் காஃபே எப்போதோ மூடியாயிற்று. அவர் நாக்கைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமா என்று என்னைக் கேட்டால், கார்க் அளவுக்கு இல்லை என்பேன். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

கார்க்கைத் துடைத்துப் பார்த்தோம். வெளியில் எடுத்த பிறகும் அதே 80 மட்டும்தான். தோழி அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

மீதி ஐந்து பாட்டில். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வைத்திருக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பீர் இன்னும் தாங்கலாம், கார்க் தாங்குமா என்பது வேறு விஷயம். வீடு விற்ற பிறகு அந்த நிலவறையும் கிடையாது, அடுக்குமாடி வீட்டு அலமாரி நிலவறை ஆகாது. பழைய பாட்டில் நாளாக நாளாக மதிப்பு கூடும் சொத்து என்று நினைக்கிறவர்கள் அதை அநேகமாகக் கடைசியில் சாக்கடையில்தான் ஊற்றுகிறார்கள். ஒரு நல்ல நிலவறையும் ஒரு காரணமும் இருக்கும்வரை வையுங்கள். இரண்டில் ஒன்று போய்விட்டால் திறந்துவிடுங்கள்.

அவர் நாலு பாட்டிலை அண்ணன் தம்பிகளுக்கும் சித்தப்பாவுக்கும் பிரித்துக் கொடுத்தார். ஐந்தாவதை எனக்குக் கொடுத்தார். அது இப்போது என் வீட்டு அலமாரியில், வெள்ளைக் கோடு மேலே பார்க்கப் படுத்திருக்கிறது. இவ்வளவு எழுதிய நானே இன்னும் அதைத் திறக்காமல் வைத்திருக்கிறேன் என்று இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. வருகிற ஞாயிறு அவரைக் கூப்பிட வேண்டும்.